சர்வர் எங்களை எதிரி என்றது

எங்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரு லாரி கிளம்ப வேண்டுமென்றால் ஓட்டுநரின் மனநிலை, மின்சாரம், ஜூஜுவாடி சோதனைச் சாவடியின் நெரிசல் ஆகிய மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் நடைமுறை. அகண்ட அலைவரிசை இணைப்பு வந்த ஓரிரு ஆண்டுகளில் நாலாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் பெரிய வாடிக்கையாளரின் சர்வர். அது மனிதர் இல்லை என்பதால் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யவும் வழியில்லாமல் போயிற்று.

நாங்கள் வண்டிகளுக்கான சிறு உதிரிப்பாகங்களைக் கடைந்து அனுப்பும் நடுத்தர நிறுவனம். கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் நான், ஓர் அறை, அறையில் ஒரு ஏசி. ஏசி கணினிகளுக்காகப் போடப்பட்டது. அதன் கீழே உட்கார எனக்கு அனுமதி இருந்தது, அவ்வளவுதான்.

அதுவரை சரக்கு கிளம்பும் முன்னால் என்னென்ன உருப்படி, எந்த லாரி என்று ஓர் அனுப்புகைச் சீட்டை எழுதி வாடிக்கையாளருக்கு ஃபேக்ஸ் செய்வோம். அவர்கள் திடீரென்று காகிதமில்லா முறைக்கு மாறுவதாக முடிவெடுத்து, அதைத் தடித்த காகிதத்தில் அச்சிட்டு, மூன்று பிரதிகளாகக் கூரியரில் அனுப்பி வைத்தார்கள். இனி அவர்களுடைய இணையதளத்தில் நுழைந்து, அங்கிருக்கும் பெட்டியில் சீட்டின் விவரங்களை அடித்து அனுப்ப வேண்டும். சீட்டு அவர்கள் சர்வரில் ஏறாத லாரிக்கு அவர்கள் வாசல் திறக்காது.

எங்கள் பக்கத்தில் அந்த வேலை அண்ணாச்சியுடையது. அனுப்புகைப் பிரிவின் எழுத்தர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் வாயிற்காவலர் முதல் முதலாளி வரை அவரை அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் வேறு பெயர் இருந்தது. ஐம்பதைத் தொட்ட வயதில் தட்டச்சு கற்று, இரண்டு விரல்களால் அடித்தாலும் பிழையில்லாமல் அடிப்பார். நான் பிழைகளைக் குறித்துவைக்கும் பழக்கமுள்ளவன். அவர் பெயரில் குறிக்க எனக்கு ஒன்றும் கிடைத்ததில்லை.

முதலில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு யாரோ ஒரு விஷமி அந்த வாடிக்கையாளரின் இணையதளத்துக்குள் புகுந்து முகப்புப் பக்கத்தில் ஒரு மண்டை ஓட்டை வரைந்துவிட்டுப் போனான். அவர்கள் ரோஷப்பட்டு, சர்வரில் பாதுகாப்பு விதிகளைப் போட்டு இறுக்கினார்கள். மண்டை ஓட்டுக்காரன் மீண்டும் வந்தானா என்று தெரியாது. அண்ணாச்சியால் போக முடியவில்லை என்பது மறுநாளே தெரிந்துவிட்டது.

சீட்டை அடித்து அனுப்பும் பொத்தானை அழுத்தினால் வெள்ளைத் திரையில் 403 என்று ஓர் எண்ணும், இங்கே நுழைய உனக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் வரும். விடாமல் மறுபடி அழுத்தினால் எங்கள் அலுவலகத்தின் மொத்த இணைப்பையும் சர்வர் மதியம் வரை விலக்கி வைத்துவிடும். லாரி முற்றத்தில் உறுமிக்கொண்டு நிற்கும்.

நான் போய் அதே சீட்டைப் பார்த்து அடித்தேன். போய்விட்டது.

"பாத்தியளா," என்றார் அண்ணாச்சி. "நீங்க அடிச்சா போவுது. நான் அடிச்சா போவ மாட்டேங்கு. அந்த மெஷினுக்கு என்மேல என்ன சார் கோவம்?"

"அதுக்குக் கோபமெல்லாம் வராது அண்ணாச்சி."

"அப்பொ நுழையாதேன்னு எதுக்கு எழுதிக் காட்டுது? கோவமில்லாத ஆளு அப்படிச் சொல்லுவானா?"

மறுநாளும் அதே கதை. உலாவியை மாற்றினேன். சேமிப்பில் இருந்த பழைய குப்பைகளைத் துடைத்தேன். நச்சுநிரல் எதிர்ப்பியை நிறுத்திப் பார்த்தேன். வேறு கணினி, வேறு விசைப்பலகை, தொலைபேசி வழியான பழைய இணைப்பு என்று ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, முடிவை எழுதிக்கொண்டே வந்தேன். எதை மாற்றினாலும் விடை மாறவில்லை. நாற்காலியில் நான் இருந்தால் போகும். அவர் இருந்தால் போகாது. என் பொறியியல் படிப்பில் இதற்கு ஒரு பாடம் இல்லை. லாரி ஓட்டுநரிடம் இருந்தது.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்கு ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுடுங்க," என்றார் அவர் சன்னலுக்கு வெளியிலிருந்து. "என் வண்டியில பாருங்க, முன்னாடி கட்டியிருக்கேன். ஒரு நாளாச்சும் நின்னுச்சா?"

"முந்தாநாள் அத்திப்பள்ளியில நின்னது எவன் வண்டிவே?"

"அது டயரு பஞ்சரு. வண்டி நிக்கல."

வாடிக்கையாளரின் கணினிப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் இளைஞர், கன்னடக்காரர், மிக மரியாதையானவர். "சார், நிம்ம கடெயிந்த அட்டாக் பர்தா இதே," என்றார். அதாவது தாக்குதல் எங்கள் பக்கத்திலிருந்து வருகிறதாம். சன்னல் வழியே எங்கள் பக்கத்தைப் பார்த்தேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எந்த விதி எங்களைத் தடுக்கிறது என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சொன்னால் தாக்குகிறவன் அதைச் சுற்றிப் போய்விடுவானாம். தாக்குகிறவன் நான்தான், என்னால் போக முடியவில்லை என்றேன். அதனால்தான் சொல்லக் கூடாது என்றார். இவ்வளவு தர்க்கசுத்தமான உரையாடல் என் வாழ்க்கையில் அமைவது அபூர்வம்.

விஷயம் எங்கள் ஆலை மேலாளரிடம் போனது. அவருக்கு எதையும் மூலகாரணம் வரை தோண்டிப் பார்க்கும் பயிற்சி உண்டு, ஜப்பானிய முறைப்படி. இந்த முறை தோண்ட அதிக நேரம் ஆகவில்லை.

"ஆளை மாத்துங்க," என்றார். "இவரு உக்காந்தா போவல, நீங்க உக்காந்தா போவுது. அப்புறம் என்ன ஆராய்ச்சி? குந்தாரப்பள்ளி கிடங்குல ஒரு ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அங்க கம்ப்யூட்டரே கிடையாது. அண்ணாச்சி நிம்மதியா இருப்பாரு."

குந்தாரப்பள்ளியில் மாட்டுச்சந்தையும் எங்கள் பழைய இரும்புக் கிடங்கும் உண்டு. அண்ணாச்சியின் பெண் ஓசூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மனைவி இங்கே ஒரு தையல் ஆலையில் மேற்பார்வையாளர். தினமும் கிருஷ்ணகிரி பஸ்ஸில் போய் வரலாம் என்று மேலாளர் பெருந்தன்மையோடு சொன்னார். காரில் போய் வருகிறவர்களுக்குப் பஸ்ஸைப் பற்றி எப்போதுமே நல்ல அபிப்பிராயம் உண்டு.

"வாரக் கடைசி வரைக்கும் பாருங்க. இவர் அடிச்சுப் போனாச் சரி, இல்லைன்னா ஆர்டர் போட்டுடறேன்."

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "மாட்டோட மாடா நிக்கச் சொல்லுதாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். ஒழுங்காகத்தான் இருந்தது அது.

வெள்ளிக்கிழமை காலை, நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இதுவரை நாற்காலி, கணினி, கம்பி என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருந்தேனே தவிர, அவர் அடித்த எழுத்துகளை அப்படியே எடுத்து அனுப்பிப் பார்க்கவில்லை. காகிதச் சீட்டைப் பார்த்து நானாகத்தான் அடித்திருந்தேன். ஆகவே அவரை முதலில் நோட்பேடில் அடிக்கச் சொன்னேன். அடித்தார். அதை நகலெடுத்து, என் கணினியில், என் விரலால் அனுப்பினேன்.

403.

அதைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை அண்ணாச்சியால் புரிந்துகொள்ள முடியவில்லை. "இப்பம் ஒங்களையும் சேத்து வையுதுல்லா, இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார்.

"உங்க கையில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. குத்தம் எழுத்துலதான் எங்கயோ இருக்கு. ஒவ்வொரு வரியா எடுத்துப் பாத்துடலாம்."

கடைசி வரியிலிருந்து தொடங்கினேன். லாரி எண்ணை எடுத்துவிட்டு அனுப்பினேன், தடை. பெட்டிகளின் எண்ணிக்கையை எடுத்தேன், தடை. புஷ் வரியை எடுத்தேன், பின் வரியை எடுத்தேன், வாஷர் வரியை எடுத்தேன். இடையில் சர்வர் எங்களை விலக்கி வைத்ததும் பழைய தொலைபேசி இணைப்புக்கு மாறிக்கொண்டேன். அது கொக்கரித்துக் கொண்டு கிளம்பும். முற்றத்தில் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். சீட்டில் இருந்த சரக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் காலியாகி, வெள்ளைப் பெட்டியின் உச்சியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது.

2--

அனுப்பினேன். 403.

"இது என்ன அண்ணாச்சி?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன சார் இப்படிக் கேக்கிய? பிள்ளையார் சுழி."

அப்புறம்தான் தெரிந்தது. அந்த விசைப்பலகையில் தமிழ் கிடையாது. உ போட வழியில்லை. அண்ணாச்சி யோசித்து, உருவத்தில் அதற்குக் கிட்டத்தில் வரும் 2 என்ற எண்ணைப் போட்டு, பக்கத்தில் இழுக்க வேண்டிய இரண்டு கோட்டுக்கு இரண்டு சிறுகோடுகளைப் போட்டிருக்கிறார். காகிதச் சீட்டிலும் உச்சியில் பேனாவால் சுழி போட்டுத்தான் இருந்தது. அதைப் பார்த்து அடித்த நான் அதை அடிக்கவில்லை. அடிக்காமல் விடுகிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. கல்யாணப் பத்திரிகையிலிருந்து மளிகைச் சிட்டை வரைக்கும் காகிதத்தின் தலையில் அது இருந்தே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அது காகிதத்தின் பாகமே தவிர எழுத்தே இல்லை.

கன்னட இளைஞரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, விதியைச் சொல்ல வேண்டாம், எண்ணும் இரண்டு சிறுகோடும்தானே என்று மட்டும் கேட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு, பிறகு அவரே சொன்னார். அவர்களுடைய தரவுத்தளத்தின் மொழியில் இரண்டு சிறுகோடு போட்டால், அதற்குப் பின்னால் வருவதைப் படிக்காதே என்று பொருளாம். பூட்டை ஏமாற்ற வருகிற திருடன் ஓர் எண்ணையும் அதன் பின்னால் இரண்டு கோட்டையும் போடுவது வழக்கமாம். "யாரு சார் அது ஹாக்கர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். விநாயகர் என்றேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். ஏதோ படிவத்தில் நிரப்ப வேண்டியிருந்தது போலும். பிறகு புரிந்துகொண்டு சிரித்தார். ஆனால் விதியைத் தளர்த்த மேலிடம் சம்மதிக்காது என்றார். மண்டை ஓடு வந்த இடத்தில் அவர்கள் யாருக்கும் சலுகை தருவதாக இல்லை.

ஆக, ஒரே வழி. அந்த மூன்று எழுத்தை அடிக்காமல் விட்டால் அண்ணாச்சியின் நாற்காலி அவருக்கே. இவ்வளவு சுலபமான தீர்வு என் பணிக்காலத்தில் கிடைத்ததில்லை. வெற்றிக் களிப்போடு அவரிடம் சொன்னேன்.

"முடியாது சார்," என்றார்.

"என்னது?"

"லாரி கிளம்புத காரியம். எத்தனை பேரு உசுரு ரோட்டுல போவுது. சுழி போடாம நான் ஒரு சீட்டு எழுதுனதில்ல."

"அப்ப நோட்பேட்ல போட்டுட்டு, அனுப்பும்போது அதை மட்டும் அழிச்சுடுங்க."

"போட்டுட்டு அழிக்கவா? அதுக்குப் போடாமலே இருந்துட்டுப் போலாம். வந்து உக்காந்தவர எந்திரிச்சு வெளிய போன்னு சொன்ன மாதிரிலா ஆவும்?"

"இல்லன்னா குந்தாரப்பள்ளி அண்ணாச்சி."

"சரி, போறேன். அங்க பேப்பருதான. பேனா உண்டுல்லா."

ஒரு வாரமாக நான் கம்பி கம்பியாகக் கழற்றிக் காப்பாற்றிய நாற்காலியை அவர் ஒரே பதிலில் தூக்கிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. பெண்ணின் படிப்பைப் பற்றிப் பேசினேன். மனைவியின் வேலையைப் பற்றிப் பேசினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "வீட்டுக்காரி கிட்ட ராத்திரியே சொல்லிட்டேன் சார், நாலு மணிக்கு எந்திரிச்சுச் சோறாக்கித் தாரேங்கா," என்றார். கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. வீம்பு பிடிக்கிறவருக்குக் கண் கலங்காது. அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

முற்றத்தில் ஹாரன் மறுபடி. சீட்டு போக வேண்டும். திரையைப் பார்த்தேன். காலிப் பெட்டி. அதற்கு மேலே திரையின் சட்டம். சட்டத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

"அண்ணாச்சி, சுழி எல்லாத்துக்கும் மேல இருந்தாப் போதுமா, இல்ல அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கணுமா?"

யோசித்தார். "மேல இருக்கணும். மொதல்ல போடணும்."

மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். பேனாவைத் தந்தேன். புரிந்துகொண்டார். ஒரு தாளில் உண்மையான உ, அதன் பின்னால் இரண்டு கோடு. மானிட்டரின் உச்சியில் ஒட்டினார். ஒரு முறை பார்த்தார். பிறகு கீழே சீட்டை அடித்து, பொத்தானை அழுத்தினார். பெறப்பட்டது என்று வந்தது. லாரி போயிற்று.

"நாளைக்கும் இதே தாளு ஆவுமா?" என்று நான் கேட்டேன், சிக்கனத்தை உத்தேசித்து.

"நேத்து வச்ச சாம்பார ஊத்துவியளா?" என்றார். ஆகவே தினமும் ஒரு புதுத் தாள்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தது, எங்கள் நிறுவனத்தின் தர மேலாண்மை மீது நான் வைத்திருந்த குறைந்த மதிப்பைக் காட்டுகிறது. மேலாளருக்குச் செய்தி போனதும், ஏன்-ஏன் ஆய்வு அறிக்கை கேட்டார். ஐந்து முறை ஏன் என்று கேட்டு மூலகாரணத்தை அடைய வேண்டும். லாரி ஏன் நின்றது, சீட்டு ஏறாததால். சீட்டு ஏன் ஏறவில்லை, விதி தடுத்ததால். விதி ஏன் தடுத்தது, இரண்டு கோடு இருந்ததால். இரண்டு கோடு ஏன் இருந்தது, பிள்ளையார் சுழி. பிள்ளையார் சுழி ஏன்? காரியம் தடையில்லாமல் நடக்க. ஐந்தையும் நான் ஒளிவுமறைவில்லாமல் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அதை இரண்டு முறை படித்து, ஐந்தாவதை அடித்துவிட்டு, பயிற்சிக் குறைபாடு என்று எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்பினார். அவர்கள் திருப்தி தெரிவித்தார்கள்.

அடுத்த வாரம் 5எஸ் தணிக்கை. பொருள்களை வகைப்படுத்தி, அடுக்கி, துடைத்து, எதன்மேலும் எதையும் ஒட்டாமல் வைத்திருக்கிறோமா என்று மேலாளரே அட்டையும் கையுமாக வருவார். அண்ணாச்சியின் மானிட்டர் முன் நின்றார்.

"இது என்ன, மஞ்சளா? பிச்சு எடுங்க. அடையாளமில்லாத காகிதம் எங்கயும் இருக்கக் கூடாது."

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தார். மேசைக்கு அடியிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்தார். "சார், அப்பொ குந்தாரப்பள்ளிக்கு ஆர்டர் போட்டுருங்க," என்றார்.

"எதுக்குய்யா? சீட்டுதான் இப்ப போவுதே?"

"இது இருந்துச்சு, போச்சு. இது இல்லாட்டா நான் அடிக்க மாட்டேன்."

மேலாளர் என்னைப் பார்த்தார். வெளியே லாரி காத்திருந்தது. வேறு யாரையாவது உட்காரவைத்து அடிக்கலாம்தான். ஆனால் மறுநாளிலிருந்து எனக்கு விடுப்பு என்பதும், அனுப்புகைப் பிரிவில் வேறு ஆளே இல்லை என்பதும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"அடையாளமில்லாததுதானே சார் கூடாது?" என்றேன். "அடையாளம் கொடுத்துடலாம்."

அன்று சாயங்காலம் எங்கள் தர ஆவணங்களின் வரிசையில் ஒன்று கூடியது. தலைப்பு: அனுப்புகைக்கு முன் தடை நீக்கக் குறி. ஆவண எண் உண்டு. ஒட்ட வேண்டிய இடத்துக்கு அளவோடு ஒரு படம் உண்டு. மாற்ற வேண்டிய கால இடைவெளி: தினமும். தயாரித்தவர் அண்ணாச்சி, சரிபார்த்தவர் நான், ஒப்புதல் அளித்தவர் மேலாளர். மூவரும் கையெழுத்திட்டோம். மானிட்டரின் உச்சியில் மஞ்சள் தாளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் உறையும் வந்தது, கருப்பு வெள்ளைக் கரையோடு.

அண்ணாச்சி ஆவணத்தை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"சார், திருத்த எண் சைபர்னு போட்டிருக்கே. பொறவு இதத் திருத்துவியளோ?"

"அது ஒரு சம்பிரதாயம் அண்ணாச்சி. எல்லா ஆவணத்துக்கும் போடுறதுதான்."

"சம்பிரதாயம்னா சரி," என்று அதைக் கோப்பில் போட்டுவிட்டு, நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.